படிவத்தில் எழுதிய பெயர் முந்திப் போனால்?

முதல் வேலையில் சேர்ந்த கையோடு மத்திய சேம நிதி (மசேநி) நியமனத்தைச் செய்து முடித்தவர்கள் நம்மில் பலர். திருமணம் ஆகாத வயது என்பதால் யோசிக்காமல் அம்மாவின் பெயரைக் கொடுத்திருப்போம். அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகளாக அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம். இதற்கிடையில் அம்மா காலமாகிவிட்டால் அந்த நியமனம் என்ன ஆகும்?

“மீதமிருக்கும் நியமனதாரர்கள் பகிர்ந்துகொள்வார்கள்” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மசேநி பணத்தில் அப்படி நடப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருமணமாகாத 45 வயதுப் பெண் ஒருவர், தம் மசேநி சேமிப்பில் 50 விழுக்காட்டை அம்மாவுக்கும் 50 விழுக்காட்டைத் தங்கைக்கும் எழுதி வைத்திருக்கிறார். அப்பா பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பத்தை விட்டுப் போனவர். ஆனால் உயிரோடு இருக்கிறார். அம்மா முதலில் இறந்துவிடுகிறார். நியமனம் மாற்றப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணும் இறந்துவிடுகிறார். சேமிப்பில் 200,000 வெள்ளி இருக்கிறது.

தங்கைக்குக் கிடைப்பது 100,000 வெள்ளி மட்டுமே. அம்மாவுக்கு எழுதிய மற்றப் பாதி பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் சட்டப்படி அந்த அலுவலகம் அதைப் பிரித்துக் கொடுக்கும். அச்சட்டத்தில் துணைவரும் பிள்ளைகளும் முதலில் வருகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் பெற்றோர். பெற்றோரும் இல்லையென்றால்தான் உடன்பிறந்தோர். ஆக, அம்மாவின் பாதி முழுவதும் குடும்பத்தைக் கைவிட்டுப் போன அப்பாவுக்கே சேரும். கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்டது தங்கைதான் என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளாது. (முஸ்லிம்களுக்கு இந்தப் பங்கீடு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி நடக்கும்.)

“நான் உயில் எழுதி வைத்திருக்கிறேனே” என்று சிலர் கேட்கலாம். மசேநி சேமிப்பு உயிலுக்குள் அடங்காது. “எல்லாம் தங்கைக்கே” என்று உயிலில் எழுதியிருந்தாலும் இந்தப் பணத்தை அது தொடாது. பொது அறங்காவலர் வழியாகப் போகும் பணத்துக்குக் கட்டணமும் உண்டு. உரியவர்களைக் கண்டறிந்து ஆவணங்களைச் சரிபார்க்க நாளும் ஆகும்.

ஆயுள் காப்புறுதியில் கதை வேறு. வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய நியமனமாக இருந்தால், இறந்த நியமனதாரரின் பங்கு மீதமிருப்பவர்களுக்கு அவரவர் பங்கின் விகிதப்படி போகும். அதே பெண், அதே அம்மா, அதே தங்கை என்றால், காப்புறுதித் தொகை முழுவதும் தங்கைக்குத்தான். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே செய்யக்கூடிய அறக்கட்டளை நியமனமோ இன்னொரு வகை. அதில் நியமனதாரர் முந்தி இறந்தால் அவருடைய பங்கு அவருடைய சொத்தோடு சேர்ந்துவிடும்.

வங்கிக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் தனிநபர் சேமிப்புக் கணக்குக்கு நியமனதாரர் என்ற ஏற்பாடு பொதுவாக இல்லை. அந்தப் பணம் உயில்படி போகும். உயில் இல்லையென்றால் மேலே சொன்ன சட்டப்படி போகும். உயிலில் பெயர் எழுதப்பட்டவர் முந்தி இறந்துவிட்டால், அவருக்கு விட்டது பொதுவாகச் செல்லாமல் போகும். அதனால்தான், “அவர் எனக்கு முன் இறந்தால் இன்னாருக்கு” என்று ஒரு மாற்றுப் பெயரையும் எழுதச் சொல்கிறார்கள் வழக்கறிஞர்கள். கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்தால் மற்றவர் பெயரில் கணக்கு தொடர்வது வழக்கம். ஆனால் அன்றிலிருந்து அது தனிநபர் கணக்கு. அதற்கும் அடுத்த ஏற்பாடு தேவை.

இந்தியாவில் கணக்கு வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி. அங்கு வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். வைப்புத் தொகைக்கு அவர்களை விழுக்காட்டுப்படியோ, ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்ற வரிசைப்படியோ குறிப்பிடலாம். நியமனதாரர் முந்திப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த வரிசை முறையே விடை. ஊரில் இருக்கும் பெற்றோரை மட்டும் நியமித்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மசேநி நியமனத்தைச் சரிபார்க்கச் செலவில்லை. சிங்பாஸ் வழியாக மசேநி இணையத்தளத்துக்குள் போனால் தற்போதைய நியமனத்தைப் பார்க்கலாம். அங்கேயே புதிதாகவும் செய்யலாம். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும்; நியமனதாரர் சாட்சியாக இருக்க முடியாது. புதிய நியமனம் பழையதை முழுமையாக நீக்கிவிடும் என்பதால், தொடர வேண்டியவர்களின் பெயரையும் பங்கையும் மீண்டும் எழுத மறக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விவரங்கள். திருமணம் செய்துகொண்டால் பழைய மசேநி நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். மணவிலக்கு பெற்றால் ரத்தாகாது. முன்னாள் துணைவரின் பெயர் நீங்கள் மாற்றும்வரை அப்படியே இருக்கும்.

வீட்டில் ஒருவர் மறைந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய கணக்கு வழக்குகளை எடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அந்த வாரத்திலேயே, இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் நியமனத்தில் மறைந்தவரின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.