காட்டுப்பள்ளிக் கோப்பை மூடுங்கள்

பழவேற்காட்டுக்கு உலக வணிகம் புதிதல்ல. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றினார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி அத்தீவுகளில் இருந்த பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். அந்த வணிகத்தின் லாபம் எங்கே போனது என்பதை ஆம்ஸ்டர்டாமின் பழைய மாளிகைகளைப் பார்த்தால் தெரியும். இந்த ஊருக்கு மிஞ்சியது ஒரு கல்லறைத் தோட்டம்.

இன்றைய வணிகம் நண்டில் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் பிடித்த நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரம் காயாமல் கூடையில் அடுக்கி, உயிரோடு சென்னைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து அது சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. ஒரு கால் ஒடிந்திருந்தால் விலை இறங்கும். ஓடு உரித்து இன்னும் சதை பிடிக்காத நண்டென்றால் இன்னும் மோசம். முன்பணம் வாங்கியவர் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஆக, பழவேற்காட்டு மீனவரும் ஏற்றுமதிச் சங்கிலியில் ஒரு கண்ணி. பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்கும் பேச்சு வந்ததும் அவரை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவராகக் காட்டுவது நியாயமே இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து 2018இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரில் உள்ள அதைச் சுமார் 6,110 ஏக்கராக விரிக்க வேண்டும், ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் என்ற கொள்ளளவை 32 கோடி டன்னாக உயர்த்த வேண்டும் என்பது திட்டம். மதிப்பீடு 53,000 கோடி ரூபாய். நாட்டின் மிகப்பெரிய முந்த்ரா துறைமுகமே ஓர் ஆண்டில் 20 கோடி டன்னைத் தாண்டியது 2024-25இல்தான். கேட்கும் ஏக்கரில் கணிசமான பங்கு, கடலைத் தூர்த்து எடுக்க வேண்டிய நிலம்.

கடலைத் தூர்த்தால் என்ன ஆகும் என்று அறிய வெளிநாட்டு ஆய்வைத் தேட வேண்டாம். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் கொட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கடல் அரிக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகுதான் மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் காற்று வாங்கும் நாம், அதன் விலையை வடசென்னை மீனவர்கள் கொடுத்தார்கள் என்பதை நினைப்பதே இல்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பதோ மெலிந்த ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. அது அறுந்தால் இரண்டும் கலந்துவிடும்.

பழவேற்காட்டு ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் இறாலும் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. எந்தக் குப்பம் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தலைமுறைகளாகப் பங்கிட்டுத் தருகிறது. அந்தப் பங்கீட்டுக்கு வெளியே, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் முதலில் விடுபடுவது இவர்கள் பெயர்தான்.

ஏற்றுமதிக்குத் துறைமுகம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஒரகடத்துக் கார்கள் கடல் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று சுமார் 30 கிலோமீட்டர் கரைக்குள் ஏற்கெனவே மூன்று துறைமுகங்கள். சென்னைத் துறைமுகம் அண்மை ஆண்டுகளில் தன் கொள்ளளவில் பாதியைக்கூடக் கையாளவில்லை. இருப்பதை நிரப்பாமல் புதிதாகக் கடலைத் தூர்ப்பதற்கு வணிகத் தேவை என்று பெயர் சூட்ட முடியாது.

இருக்கும் துறைமுகங்களின் சுமையே குறைவில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே, எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிளும் எண்ணெய்க் கப்பல் டான் காஞ்சிபுரமும் மோதின. கசிந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். சென்னைச் சந்தைகளில் மீன் வாங்க ஆளில்லை. மோதலில் சம்பந்தமே இல்லாத குப்பங்களும் வருமானம் இழந்தன.

2021 தேர்தலின்போது இந்த விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பது ரத்து ஆகாது. ஒவ்வொரு தேதிக்கும் வேலையை விட்டு ஊர்கூடிப் போராட வேண்டியிருக்கிறது. கோப்பு உயிரோடு இருக்கும்வரை குப்பங்களுக்கு நிம்மதி இல்லை. மாநில அரசு இத்திட்டத்தை ஏற்கவில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் கடிதத்தை வெளியிட வேண்டும்.

கூடவே இன்னொரு வேலை. கடற்கரை ஒழுங்காற்று விதிகளின்படி, கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் இனப்பெருக்க இடங்கள் அனைத்தும் இடம்பெற வேண்டும். 2023இல் தமிழக அரசு வெளியிட்ட வரைவில் இவை விடுபட்டிருப்பதாக மீனவர்கள் கொதித்தெழுந்தது நியாயமே. வரைபடத்தில் இல்லாத இடம் நாளை காலி நிலமாகக் கணக்கில் ஏறும். பழவேற்காட்டுப் பகுதிக்கான தாள்களை அதிகாரிகள் ஒவ்வொரு குப்பத்துக்கும் எடுத்துச் சென்று, பஞ்சாயத்தார் முன்னிலையில் பாடு முறைப்படி வலை கட்டும் இடங்களைக் குறித்து, இருளர்கள் இறால் தடவும் கழிகளையும் அவர்களிடமே கேட்டுச் சேர்த்து, தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை இந்தக் கரையில் எந்தப் புதுக் கட்டுமானத்துக்கும் அனுமதி கூடாது.