ரப்பர் கொட்டை ஓட்டைக் கையில் எடுப்போம்



கெடாவின் சிடாம் கிரியிலும் சுங்கைப்பட்டாணியிலும் நாம் குடிப்பது மூடா ஆற்றுத் தண்ணீர். பினாங்குக்காரர்கள் குடிப்பதில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் அதே ஆறுதான். தோட்டங்களை அழித்த இடத்தில் ஆலைகள் எழுகின்றன. சாயம் துணிக்கு மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். காகிதம், பிளாஸ்டிக், ரப்பர் பொருள் எல்லாவற்றிலும் சாயம் சேர்கிறது.

அந்தக் கழிவு ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டின் திருப்பூரைப் பாருங்கள். நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆறும் போச்சு, ஆயிரக்கணக்கானவர்களின் வேலையும் போச்சு. இங்கே அது நடக்க விடலாமா?

துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகக்கூடாது என்றே செய்யப்பட்ட பொருள் சாயம். அதனால்தான் கிருமிகளை வைத்துச் சுத்திகரிக்கும் வழக்கமான தொட்டியைத் தாண்டியும் நிறம் நிற்கிறது. அதைப் பிடிக்க வழி இருக்கிறது. அதுவும் நம் காலடியிலேயே கிடந்தது! வெயிலில் பட்டென்று வெடித்துச் சிதறுமே ரப்பர் கொட்டை, அதன் ஓட்டைக் கரியாக்கினால் சாயத்தை உறிஞ்சும் என்று பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். இப்படிப்பட்ட கரியோடு இரும்பு ஆக்சைடின் நானோ துகளைச் சேர்த்தால் அது நானோ கூட்டுப்பொருள். நீலச் சாயத் தண்ணீர் உள்ள குப்பியில் அந்தக் கருந்தூளைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு வெளியே ஒரு காந்தத்தை வையுங்கள். சாயத்தைக் கவ்விய தூள் அந்தப் பக்கமாகப் போய் அப்பிக்கொள்ளும், தண்ணீர் தெளியும். டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்த வகைகள் ஒளி பட்டால் சாயத்தையே உடைக்கும். கெடாவில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் 'நானோ' என்ற பேரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். சாயம் நிறைந்த தூளைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த வேண்டும். முடியாவிட்டால் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். ஆற்றங்கரையில் கொட்டினால் பழைய கதைதான். தூள் தண்ணீரோடு நழுவுகிறதா என்பதையும் சோதித்தாக வேண்டும். அதற்கு உள்ளூரில் ஒரு சோதனைத் தொட்டி தேவை. செமிலிங்கில் நம் சமூகம் எழுப்பிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இதில் முன்னால் நிற்க வேண்டும்.

சட்டமும் கையில் இருக்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் கழிவுநீரில் நிறம் 100 அலகைத் தாண்டக்கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு விதி. 2024-இல் அபராதத்தின் உச்சவரம்பு 1 கோடி ரிங்கிட் ஆனது. உங்கள் கழிவுநீரின் நிறம் எத்தனை அலகு என்று ஒவ்வோர் ஆலையையும் கேட்போம். பதில் வராவிட்டால் சுற்றுச்சூழல் துறையின் கதவைத் தட்டுவோம்.

பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை கட்டிக் கள்ளுக்கடையை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு ஒன்றுசேரத் தெரியாதா?

இந்த ஞாயிறு காலை கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். ஆலையில் வேலை செய்யும் தோழர்களே, நீங்கள் முதலில் வாருங்கள். வாய்க்காலில் எந்த நேரம் என்ன நிறம் ஓடுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆலையை மூடச் சொல்லி நாம் மனு எழுதப்போவதில்லை. தொட்டியைக் கட்டு, ஆளைக் குறைக்காதே என்பதுதான் நம் மனுவின் முதல் வரி.