சாளை என்னும் சொல்

பெருமாநல்லூர்ப் பக்கத்திலே ஒரு குடியானவரைக் கண்டு, “ஜாகை எங்கே?” என்று வினவினால் இரண்டு விடை கிடைத்த காலம் உண்டு. ஊருக்குள் இருப்பது வீடு. தோட்டத்தில் இருப்பது சாளை. நோன்பிக்கும் கல்யாணத்துக்கும் வீடு. வெள்ளாமைக் காலத்தில் உண்டு உறங்கச் சாளை. (கடற்கரையார்க்குச் சாளை மீன், கொங்குநாட்டார்க்கோ கூரை.)

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் தீவின் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டார், மே மாதம் முதல் நாளில் மந்தையை மலைமேல் ஓட்டிச் சென்று தங்கிய கோடைக் குடிலை ‘ஹவோட்’ என்றும், குளிர்காலத்துக்குத் திரும்பிய பழைய மனையை ‘ஹென்ட்ரே’ என்றும் அழைத்தனர். அவ்வழக்கம் அற்று நெடுங்காலமாயிற்று. ஆயினும் அச்சொற்கள் ஊர்ப் பெயராகவும் வீட்டுப் பெயராகவும் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலத்தின் நிழலிலே நூற்றாண்டுகள் கிடந்த சிறு சமூகம் அது என்பதை நம்மவர் கவனிக்கவேண்டும்.

நம் சாளை ஏன் மறைகிறது? கவலை இறைப்பவன் கோழி கூவுமுன் எருது பூட்டவேண்டும். ஆகவே கிணற்றருகே படுத்தான். 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. பிற்பாடு கிணறுதோறும் பம்புசெட் வந்தது. எருதும் போயிற்று, இராத் தங்கலும் போயிற்று. இதற்காக நாம் வருந்தவில்லை. கவலை இறைத்தவனின் முதுகைக் கேட்டால் தெரியும். பின்னர்ப் பனியன் தொழில் தோட்டங்களையே விழுங்கலாயிற்று. சாளை நின்ற இடத்தில் வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் ‘லைன் வீடு’ எழுகிறது. அதுவும் பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோரின் தங்கலே; நாம் அதற்கு இட்ட பெயரோ இரவல்.

பொருள் போவது வேறு, சொல் போவது வேறு. தினைப்புனக் காவற்பரணுக்கு ‘இதணம்’ என்று பெயர் இருந்ததைக் குறிஞ்சிப்பாட்டால் அறிகிறோம். சாளைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது பெரும் உபகாரமே. ஆனால் அகராதியில் கிடக்கும் சொல்லும் வாயில் வழங்கும் சொல்லும் ஒன்றாகுமா?

இதற்குச் சர்க்காரின் தயவை எதிர்பார்க்கவேண்டியதில்லை. மே மாதம் முதல் நாளில்தான் நம் கிராம சபைகளும் கூடுகின்றன. எந்தத் தோட்டத்தில் யார் பேரால் சாளை வழங்கியது என்று சுற்றுவட்டாரத்தார் முதியோரைக் கேட்டு எழுதி, புதிதாக எழும் வீதிகளுக்கு அப்பெயர்களை இடும்படி தீர்மானம் செய்யட்டும். மனை வியாபாரிகள் ‘கார்டன்’ என்றும் ‘அவென்யூ’ என்றும் பலகை நடுமுன் நடக்கவேண்டிய காரியம் இது.