இரைச்சலும் வேண்டும்!

சுத்தமான ஒலிப்பதிவில் வேண்டுமென்றே இரைச்சலைக் கலப்பார்களா என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேலி செய்வதுண்டு. கலக்கத்தான் வேண்டும் என்பதே என் கட்சி.

நம் இசை மன்றத்தார் கணிப்பொறியில் பாட்டை 24 பிட் அளவில் பதிவு செய்கிறார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடோ 16 பிட்டைத்தான் ஏற்கும். ஒலியலையின் உயரத்தை 65,536 படிகளுக்குள் அளந்து, நொடிக்கு 44,100 முறை குறித்து வைக்கும். ஆகவே அடியிலுள்ள 8 பிட்டுகள் போயாக வேண்டும். போகட்டுமே, அவ்வளவு மெல்லிய ஒலி யார் காதில் விழப்போகிறது என்கிறார்கள்.

பாட்டு உரக்க ஒலிக்கையில் விழாது, ஒப்புக்கொள்கிறேன். மைக்கும் அறையும் தரும் இயல்பான இரைச்சலே அங்கே காவல் நிற்கிறது. ஆனால் வீணையின் கடைசி மீட்டலைக் கணிப்பொறியில் மெல்ல மெல்லத் தேய்த்து முடிக்கிறோம் அல்லவா? அப்போது அறையின் இரைச்சலும் கூடவே தேய்ந்துவிடுகிறது. எஞ்சிய நாதம் ஒன்றிரண்டு படிகளுக்குள் சிக்கி, வளைந்த அலை சதுரமாகி, கரகரத்து, திடீரென்று அறுந்துபோகிறது. இந்தக் கரகரப்பு பாட்டோடு ஒட்டிப் பிறப்பது. ஸ்வரம் மாறினால் தானும் மாறும். அதனால் செவி அதைப் பிடித்துவிடுகிறது. சீரான 'உஸ்' ஓசையையோ, மின்விசிறிச் சத்தத்தைப் போலச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறது.

'டிதர்' என்பது அந்தச் சீரான ஓசைதான். ஒலியின் உயரம் 0.3 படி என்று கொள்ளுங்கள். முழு எண்ணாக்கினால் எப்போதும் 0. அரைப்படி மேலும் கீழுமாக ஒழுங்கற்ற எண் ஒன்றைக் கூட்டிவிட்டு முழு எண்ணாக்கினால், பத்தில் ஏறக்குறைய மூன்று முறை 1 வரும். சராசரி என்ன? அதே 0.3! தொலைந்த ஒலி இரைச்சலுக்குள் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணைக் கூட்டினால் இரைச்சலின் அளவு பாட்டோடு ஏறியிறங்கும். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுவதைப்போல இரண்டு எண்களைச் சேர்த்தால் அக்குறையும் நீங்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து வாண்டர்கூய், லிப்ஷிட்ஸ் இருவரும் 1980-களில் இந்த டிதரை ஆராய்ந்து விளக்கினர்.

இதற்கு மேலும் ஒரு வித்தை உண்டு. முழு எண்ணாக்கும்போது நேரும் பிழையை அடுத்தடுத்த எண்களில் தக்கபடி ஈடுகட்டினால், செவி மிகக் கூர்மையாக உள்ள 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இரைச்சல் குறைந்து, 15,000-க்கு மேல் போய் ஒதுங்கும். மொத்த இரைச்சல் என்னவோ கூடத்தான் செய்கிறது, காதுக்குத்தான் குறைவாகப்படும். இதில் மயங்கி ஒவ்வொரு கட்டத்திலும் இதைப் போடுகிற நண்பர்களை நான் ஆதரிக்க மாட்டேன். போடப் போட, மேலே ஒதுக்கிய இரைச்சல் குவிந்துகொண்டே போகும். எல்லாத் திருத்தமும் முடிந்து 16 பிட்டுக்கு இறங்கும் கடைசிப் படியில் ஒருமுறை போதும்.

மன்றத்தார் பதிவு செய்துவரும் முதிய கலைஞர்களின் பாட்டை மறுபடி பாடச் சொல்ல எப்போதும் வாய்க்காது. வெட்டிப்போன 8 பிட்டுகளை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. எனவே குறுந்தகட்டுக்கு மாற்றுகிறவர் 24 பிட் மூலத்தை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, டிதர் என்ற கட்டத்தில் ஒரு குறியிடட்டும்.