பெக்கோ இழுத்த தேர்

ஆசிரியருக்கு,

நடிகர்களின் கட்டவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞர்களைக் கண்டித்துப் பெரியவர்கள் எழுதும் கடிதங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. பால் வீணாவது உண்மை. பார்க்கச் சகிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால், அந்தப் பொடியன்கள் பக்கத்தில் நிற்பவன் எந்தச் சாதி ஆள் என்று விசாரித்துவிட்டுப் பால் பக்கெட்டைக் கொடுப்பதில்லை. கோயில் வீதியில் நாங்கள் விசாரிக்கிறோம்.

2018 ஜூனில் யாழ்ப்பாணத்து வரணியில் நடந்தது அதற்குள் மறந்துபோயிற்றா? சிமிழ் கண்ணகை அம்மன் கோயில் தேரைப் பெக்கோ இயந்திரம் இழுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வடத்தில் கைவைக்கக் கூடாதென்றே இந்த ஏற்பாடு என்று குற்றஞ்சாட்டப்பட்டது. ஆட்கள் காணாது என்று சமாதானம் சொல்லப்பட்டது. அப்படியானால் வடம் பிடிக்க எங்களையும் விடுங்கள் என்று கேட்டவர்கள் ஆட்கள் இல்லையா? இயந்திரத்துக்குச் சாதியில்லை என்று கண்டவர்கள், அதை ஓட்டியவரிடம் ஊர் பெயர் விசாரித்தார்களோ தெரியாது.

தேரிழுத்தவர்களுக்குத் தெரியும். தும்புக்கயிறு உள்ளங்கையை அறுக்கும். முன்னால் நிற்பவரின் வியர்த்த முதுகு முகத்தில் முட்டும். சில்லுக்குக் கட்டை போடுகிறவர் சத்தம் வைத்ததும் அத்தனை பேரும் ஒன்றாகச் சாய வேண்டும். அந்த முதுகு யாருடையது என்று பார்க்க அங்கே நேரமில்லை. அந்த நெருக்கத்துக்குப் பயந்து டீசலில் வீதி சுற்றிய தேரில் அன்று எழுந்தருளியது அம்மனா, சாதியா?

இது புதிதல்ல. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, வழிமறித்து நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். அவர் மீதான வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கல்லைக் கும்பிடுகிறீர்கள் என்று மிஷனரிமார் பழித்தபோது எழுந்து பதில் சொன்ன ஆறுமுக நாவலர், 1872இல் ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ எழுதியபோது எங்கள் கோயில்களின் சீர்கேடுகளைப் பற்றி எங்களையே திருப்பிக் கேட்டார். (சாதி விஷயத்தில் அவர் என் பக்கம் நிற்கமாட்டார், அது வேறு கதை.) சாதி மாறினால் சாமிக்குக் குறை என்பவர்களுக்கும் பதில் உண்டு: தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பிராமணரல்லாத கப்பூகர்மார் வாய்கட்டிப் பூசை செய்கிறார்கள். முருகனுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

திருவிழாக் காலம் வந்துவிட்டது. ஆகம விதிப்படி, பரம்பரை வழக்கப்படி என்று சொல்லிப் பரிபாலன சபைகள் தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது. வடம் பிடிக்க யாரையாவது தடுத்தால் அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குப் போடப்படும் என்று பொலிஸார் கொடியேற்றத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உபயகாரர் பெயர்ப்பட்டியலோடு முழுப்பக்கத் திருவிழா விளம்பரம் கொண்டுவருகிறவர்களிடம், ‘வடம் பிடிக்க யாவரும் வரலாம்’ என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுக்கும் கோயிலின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாவகச்சேரி.