தாய்மாரின் உறக்கம்

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பின்னர் தோட்டத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கந்தோருக்கோ விரையும் நம் தாய்மார் இரவில் உறங்குகின்றனரா? ஐம்பதை அண்டிய வயதில், நள்ளிரவில் உடல் அனலாய்க் கொதிக்க, வியர்வையில் நனைந்தெழுந்து, விடியும்வரை கண்மூடாதிருக்கும் பெண்கள் ஊர்தோறும் உளர். "வயதுக் கோளாறு" என்ற ஒரு சொல்லோடு வீட்டார் அவர்தம் துன்பத்தை மறந்துவிடுகின்றனர். இது பெரும் அநீதியாகும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன் குறைகின்றது. உடற்சூட்டைச் சீராக வைத்திருக்கும் மூளைப்பகுதி அதனால் தடுமாறிச் சிறு வெப்பத்தையும் பெருவெப்பமெனக் கொள்கின்றது. வியர்வை பெருக, உறக்கம் கலைகின்றது. இது மனப்பிரமையன்று, உடலின் மாற்றம்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. காற்றோட்டமான அறை, மெல்லிய பருத்தி உடை, மாலையில் தேநீரும் கோப்பியும் தவிர்த்தல், நாள்தோறும் ஒரே வேளையில் எழுதல் ஆகியன ஓரளவு உதவும். உறக்கப் பழக்கங்களைத் திருத்தும் உளவியற் பயிற்சி மாத்திரையின்றியே நற்பலன் தருவது. ஓமோன் சிகிச்சையைப்பற்றி 2002ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று பேரச்சத்தை விளைவித்தது. ஆயின், அவ்வாய்விற் சேர்ந்தோரின் சராசரி வயது 63. அறுபதுக்குட்பட்ட, மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, இருதய நோய் முதலியன இல்லாத பெண்கள் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவர் துணிபு. முடிவு வைத்தியருடையதாக இருத்தல் வேண்டும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் இருப்பின் அதையும் அவரிடம் கூறுக. தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குதல் ஆபத்து.

அரசாங்கத்துக்கும் ஒன்று கூறுவோம். 35 வயது கடந்த பெண்களுக்கென 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. இரத்த அழுத்தமும் நீரிழிவும் சோதிக்கும் அவ்விடத்தில், "இரவில் உறங்குகிறீர்களா?" என்ற கேள்வியும் ஒவ்வொரு பெண்ணிடமும் அவளது மொழியிலேயே கேட்கப்படுதல் வேண்டும். 2009இல் முடிந்த போரின்பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். அவர்களிடம் கேட்க வீட்டில் வேறு எவர் உளர்?

உரிமைக்காகக் குரல் எழுப்பும் ஆண்மக்களே! உங்கள் இல்லத்தரசி இரவு விழித்திருந்தாளாயின், காலை அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீதி வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.