குளவிக் கொட்டும் நெலு மலர்களும்

மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவது வழமையாகிவிட்டது. உயிரிழப்புகளும் நிகழ்கின்றன. குளவி என நாம் பொதுவாகக் குறிப்பிடுபவற்றில் மலைத்தேனீக்களும் அடங்கும். ஆகவே, கூடுகளையெல்லாம் தீயிட்டு அழிப்பது தீர்வாகாது.

ஹோர்ட்டன் சமவெளியில் 2013இல் பெருமளவில் மலர்ந்த நெலுச் செடிகள், சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டாகப் பூத்து, விதை தந்து மடிபவை. தேன் நாடி வரும் தேனீக்கள் அந்த ஒரு பருவத்தில் மகரந்தத்தைக் காவிச் செல்லாவிடின், அடுத்த தலைமுறைச் செடிகள் கேள்விக்குறியாகும்.

எனினும், தொழிலாளரின் உயிருக்கு ஈடேதுமில்லை. கூடுகள் உள்ள இடங்களில் வேலை வழங்காதிருப்பதும், பாதுகாப்பு அங்கியும் துரித வாகன வசதியும் அளிப்பதும் தோட்ட நிர்வாகங்களின் கடமையாகும். மக்கள் நடமாடும் இடங்களிலுள்ள கூடுகளைப் பயிற்சி பெற்றோர் அகற்றட்டும். காட்டிலுள்ளவற்றைக் காட்டுக்கே விட்டுவிடுவோம்.